ஐந்தாம் வார்த்தை எங்கள் வீட்டுக்கு வந்தது

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில், என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கேயோ ஊர் சுற்றப் போகிற ஆட்டோ இல்லை அது. டயாலிசிஸுக்குப் போகிற ஆட்டோ. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை விட்டால் மூச்சு முட்டும், அடுத்ததையும் விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவில் இருக்கிற சேகர்தான் எப்போதும் கூட்டிக்கொண்டு போவான். அன்றைக்கும் வந்து வாசலில் நின்றான்.

"இன்னா மாமு, டைம் ஆவுது. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி லைன் கட்டிகினு நிக்குது. சீக்கிரம் ஏறு."

"நீ போ சேகரு. நா வரல."

"ஒடம்பு சரியில்லையா இன்னிக்கு?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். வீட்டில் கோபப்படுகிற வேலை என்னுடையது. அவர் அதை அமைதியாகச் சொன்னார், கடையில் ஒரு சாமானை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதுபோல. அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பெரம்பூரில் இருக்கிற எங்கள் மகள் கிரேஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "எனக்காவ போ நைனா" என்று அவள் அழுதாள். அவர், "கொயந்தைக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது, அனுப்பி வுடு" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டார். ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது.

தேவனுடைய பிள்ளைகளே, அந்த வாரம் எங்கள் வீட்டில் ஆண்டவர் செய்ததை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். திருவொற்றியூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் பெயர் தேவராஜ். அவர் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆள் உயரத்துக்கு இருக்கிற ஐஸ் பாரை இழுத்துப் போட்டு, உடைத்து, கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு ஏற்றிவிடுகிற வேலை. கல்யாணமான புதிதில் அவர் வேலை முடித்து வந்தால் சட்டையே ஜில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் மட்டும் ஏ.சி. என்று அக்கம்பக்கத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அப்படி ஐஸிலேயே நின்றவருக்குத்தான் இந்த வியாதி வந்தது. இதில் ஊசியும் மெஷினும்கூடப் பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று தாகம். சிறுநீர் பிரியாததால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்புத் தண்ணீர்தான். காபி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கிலேயே வர வேண்டும். இளநீர் வேண்டாம், தர்ப்பூசணி வேண்டாம்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சொம்பில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். அது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். நான் அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் இன்று இல்லை.

ஆனால் நான் இன்னொரு காரியமும் செய்தேன். சபையில் ஜெப விண்ணப்பம் கொடுத்தேன். "சகோதரர் தேவராஜ் தண்ணீர் குடிக்காமல் கட்டுப்பாட்டோடு இருக்கும்படி ஜெபிப்போம்" என்று ஞாயிறுதோறும் வாசிப்பார்கள். எங்கள் சபையார் அன்பானவர்கள். ஜெபித்ததோடு நிற்காமல் காவலும் காக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது, அவர் கை நீட்டுவதற்கு முன்னாலேயே, "அண்ணே, உங்களுக்குக் கூடாதே" என்று நாலு பேர் சொல்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவர் டம்ளரை எடுத்ததும், பாடகர் குழு அக்கா ஒருத்தி பந்தியின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை பேர் இவர்மேல் அக்கறையாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் அவர் சபைக் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். களைப்பு என்றார். நானும் அதை நம்பினேன்.

இந்த வருடம் லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பித்தபோது, பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனைக்கு ஏழு வார்த்தைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். சிலுவையில் ஆண்டவர் பேசின ஏழு வார்த்தைகளையும் எங்கள் சபையில் போதகரான ஐயர் ஒருவரே பேச மாட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பகுதியிலிருந்து ஒருவர் லெந்து முழுக்க அதைத் தியானித்து வந்து பேச வேண்டும். எங்கள் பகுதிக்கு ஐந்தாம் வார்த்தை வந்தது. பகுதித் தலைவி என்பதால் பேச வேண்டியது நான்.

ஐந்தாம் வார்த்தை என்னவென்று உங்களுக்குத் தெரியும். "தாகமாயிருக்கிறேன்."

எனக்குச் சுரீர் என்றது. ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போய், "இது வேண்டாம் ஐயா. வேறே ஏதாவது குடுங்க. மூணாவது வார்த்தைன்னா நல்லா பேசுவேன்" என்றேன். அவர், "மாத்திக்கலாம் எஸ்தரம்மா. ஒரு தடவ உக்காந்து படிச்சுட்டு வந்து கேளுங்க" என்றார். படித்தால்தானே கேட்கப் போவதற்கு. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மற்றபடி மீனையும் கறியையும் விட்டு உபவாசம் இருந்தேன், வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன்.

இப்படியே குருத்தோலை ஞாயிறும் வந்து போனது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவர் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார்.

அன்று மத்தியானம் தையல் மெஷின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஆரம்பத்தில் என் ஜெபம் பெரிதாக இருந்தது. இவருக்குப் புதுச் சிறுநீரகம் தாரும், டாக்டர்கள் வியக்கும்படி சுகம் தாரும் என்று கேட்பேன். மாதங்கள் போகப் போக அந்த ஜெபம் சுருங்கிக்கொண்டே வந்து, அன்றைக்கு ஒரே ஒரு வரியாக நின்றது. ஆண்டவரே, வியாழக்கிழமை இவரை ஆட்டோவில் ஏற்றும். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் கால் வீங்கியிருந்தது. முகமும் உப்பியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார்.

எனக்குத் தைக்க ஓடவில்லை. சமையல் ஓடவில்லை. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்தியாக எடுத்தேன் என்று சொன்னால் பொய். ஆண்டவரிடம் சண்டை போடத்தான் எடுத்தேன். இத்தனை வார்த்தை இருக்க, இந்த வீட்டுக்கு ஏன் அந்த வார்த்தையைக் கொடுத்தீர் என்று கேட்க வேண்டும்.

நான்கு சுவிசேஷத்திலும் அந்த இடத்தை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். சிலுவையில் அறைவதற்கு முன்னே, வலி தெரியாமல் இருக்க ஏதோ கலந்து கொடுக்கிறார்கள். ஆண்டவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில்தான் தாகத்தைச் சொல்கிறார். அதையும் யோவான் ஒருவர்தான் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் அவர். மற்ற சீஷர்கள் ஓடிப்போயிருந்தார்கள், அதனால் அவர்கள் காதில் அது விழுந்திருக்காது என்று தோன்றியது. தாகத்தைச் சொன்னால் கேட்கிற தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும் அல்லவா.

இன்னொரு தடவை வாசித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் கேட்ட வசனம், ஆனாலும் அன்றைக்குத்தான் பட்டது. ஆண்டவர் தண்ணீர் கேட்கவில்லை. சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில், குடிக்கத் தா என்று கேட்டவர்தான். அவருக்குக் கேட்கத் தெரியாதா? சிலுவையில் அவர் கேட்கவில்லை. தமக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரரும் இத்தனை நாளும் அதையேதான் சொன்னார். "தாகமா கீது எஸ்தரு." ஒவ்வொரு தடவையும் நான், "தண்ணி கெடையாது" என்று பதில் சொன்னேன். அவர் தண்ணீர் கேட்கவே இல்லை. கிடையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

வேதாகமத்தை மூடக்கூட இல்லை. எழுந்து அவரிடம் போனேன். கரண்ட் போயிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிலுக்குக் கீழே இருந்த சொம்பைக் காட்டினார்.

"குடிக்கல மே. பாத்துக்கோ, அப்டியே கீது."

என் புருஷன் என்னைப் பார்த்தவுடனே கணக்குச் சொல்கிறார்.

"சொம்ப நா கேக்கல. தாகமா கீதா உனக்கு?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். "கீது."

"எப்டி கீது? சொல்லு."

"தெர்ஞ்சிகினு இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண முடியாது. எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

அட்டையை மடியில் வைத்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். தொண்டையில் மட்டும் இல்லை, நாக்கே தன்னுடையது இல்லாததுபோல வாயில் கிடக்கிறது என்றார். தெருக்குழாயில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாராம். ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கும்போது தெறிக்கிற துண்டு கன்னத்தில் பட்டு உருகுமே, கண்ணை மூடினால் அந்த இடம் இப்போதும் குளிருகிறது என்றார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று தெரியும்.

பிறகு கோயிலுக்கு வராத காரணத்தைச் சொன்னார்.

"நற்கருணைக்கு வந்து முட்டி போட்டேன் இல்ல, கடைசியா. ஐயர் திராட்சரசப் பாத்திரத்த எடுத்தாந்தாரு. அல்லாருக்கும் வாயில சாச்சி வுட்டாரு. என்கிட்ட வந்ததும் ஒதட்டுல ஒத்தி எடுத்துட்டாரு. குடிக்க வுடல."

"உன் நல்லதுக்குத்தான்யா அவரு..."

"தெரியும்மே. அல்லாரும் என்மேல பாசமாத்தான் கீறாங்கோ. ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. ஆனா என் மூஞ்சப் பாக்கறவங்க யாரும் இல்ல. என் கையில இன்னா கீதுன்னுதான் பாக்கறாங்கோ. மிஷின்ல படுத்துகினு, வூட்ல காஞ்சிகினு, கோயில்லயும் அதே காவல்னா, எதுக்கு மே போய் வந்துகினு இருக்கணும்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். வியாதி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தேன். காய்ந்து வெடித்திருந்த உதட்டில் வைத்து மெதுவாக ஒற்றினேன். சிலுவையடியில் கடற்காளான் என்கிற கடற்பஞ்சைக் காடியில் தோய்த்து ஆண்டவருக்கு நீட்டினவன் யாரோ, பேர்கூட எழுதவில்லை. அவனாலும் தாகத்தைத் தீர்க்க முடிந்திருக்காது. அந்த நேரத்தில் எட்டுகிற தூரத்தில் நின்று கையை நீட்டினான், அவ்வளவுதான்.

"இது கணக்குல வருமா?" என்றார் அவர்.

"வராது."

அவர் சிரித்தார்.

ஆட்டோவைப் பற்றி அன்றைக்கு நான் பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. மனதுக்குள் மட்டும் அந்த ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. சேகர் வந்து ஹாரன் அடித்தான். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூலே கோக்காமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் கிறீச்சென்றது.

"எஸ்தரு, என் துண்டு எங்க?"

கையால் கொடியைக் காட்டினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வாசல் வரை நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன். சேகர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஏன்கா அழுதுகினு வர்ற, அதான் மாமு ஏறிட்டாருல்ல" என்றான். ஸ்தோத்திரம் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத் திட்டு வாங்கினோம். வாங்க வேண்டிய திட்டுதான். அன்றைக்குக் கூடுதல் நேரம் மெஷினில் வைத்து, உடம்பில் சேர்ந்த நீரை எடுத்தார்கள். சாயங்காலம் அவருக்குக் காற்று தாராளமாகப் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார். வெளிக்கதவுப் பக்கம், ஃபேனுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எங்கள் சபையில் மும்மணி ஆராதனை முடிகிற வரைக்கும் நிறைய பேர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நாலாம் வார்த்தை முடிவதற்குள் வெயிலில் எல்லோருக்கும் நாக்கு உலர்ந்திருந்தது. ஐந்தாம் வார்த்தைக்கு நான் எழுந்து போனேன். புதன்கிழமை வாசித்ததையும் அதில் எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். பாதியில் மேலே பேச முடியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கதவுப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றுகொண்டார். மைக் இல்லாமலேதான் பேசினார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். நா தாகமா கீதுன்னு சொன்னா யாரும் தண்ணி குடுக்காதீங்க. டாக்டர் திட்டுவாரு. எஸ்தரும் திட்டுவா. பக்கத்துல உக்காந்து, எப்டி கீதுன்னு கேளுங்க. அது போதும் எனக்கு."

உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பந்தியில் டம்ளரைப் பிடுங்கின அக்கா எழுந்து போய், அவர் பக்கத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆறாம் வார்த்தை, ஏழாம் வார்த்தை முடிகிறவரை அங்கேயேதான் இருந்தாள்.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்குக் கிளம்பும்போது காபி ஆற்றிக்கொண்டு வந்தேன்.

"வேணாம்மே" என்றார். "அந்த அளவ இன்னிக்குக் கோயில்ல குடிச்சிக்கறேன்."

முழங்கால் போட்டிருந்தபோது நான் அவர் பக்கத்தில் இருந்தேன். ஐயர் பாத்திரத்தோடு வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் நின்று, பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார். எல்லோரையும்போல அவர் ஒரு வாய் குடித்தார். எவ்வளவு குடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்பானவர்களே, அவருக்குச் சிறுநீரகம் சுகமாகவில்லை. சொம்பும் மாறவில்லை, நான் இன்னும் அதை எட்டித்தான் பார்க்கிறேன். ஆனால் சாயங்காலம் தையலை எடுத்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருகிறேன். "எப்டி கீது இன்னிக்கு?" என்று கேட்கிறேன். அவர் சொல்கிறார். சில நாள் ரொம்பக் கஷ்டம் என்பார். சில நாள் தாகத்தை மறந்து, காசிமேட்டுப் போட்டுகள், மீன், பழைய தோஸ்துகள் என்று கதையெல்லாம் வரும். ஜெப விண்ணப்பத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சகோதரர் தேவராஜோடு உட்கார நேரமுள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம் என்று இப்போது வாசிக்கிறார்கள். வருகிறார்கள்.

நான் கேட்டது ஒரு வரிதான். அதற்கான பதிலை ஆண்டவர் நான் திறக்க மாட்டேன் என்று ஒதுக்கிவைத்த பக்கத்தில் வைத்திருந்தார். உங்களுக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கலாம். உங்கள் வீட்டு வலியைத் தொடுகிறது என்று நீங்கள் சுற்றிக்கொண்டு போகிற வசனமாக இருக்கலாம். பயப்படாமல் திறந்து வாசியுங்கள், ஆண்டவர் உங்களுக்கு முன்பே அந்த வலிக்குள் போனவர். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.

இதை எழுதுகிற இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். சேகர் ஹாரன் அடிக்கிறான். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.